ஆள் பிடிக்கும் கோச்சா, ஆட்டம் வகுக்கும் கோச்சா? காலேஜ் ஃபுட்பால் நியமனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வந்தால் போதும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில தங்கள் ஃபுட்பால் கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளைத் தேடக் கிளம்பிவிடும். அன்றைக்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நல்ல பையன்களைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்பது ஒரு கட்சி. புள்ளிகளைக் குவிக்கும் ஆட்டமுறை கையில் உள்ளவர் வேண்டும் என்பது இன்னொன்று. மாஸ்டர்ஸ் படிக்க வந்த முதல் செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம் லைப்ரரிக்குப் போன என்னை வாசலில் இருந்த காவலாளி ஏற இறங்கப் பார்த்தார். ஊரே ஸ்டேடியத்தில் இருந்தது. அடுத்த வாரம் நானும் போனேன், அப்புறம் மீளவில்லை. பழக்கம் முற்றியதால் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடுவது. காலால் உதைக்கும் ஆட்டத்தைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஆடுவது பையன்கள். கோச்சுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் டிராஃப்ட், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும். ஐபிஎல்லில் ஏலம், எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை. காலேஜ் ஃபுட்பாலில் இரண்டும் கிடையாது. பள்ளிக் கடைசி வருடப் பையன் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது என்று தானே முடிவெடுக்கிறான். ஜெயிக்கும் இடத்துக்கே நல்ல பையன்கள் மறுபடி மறுபடி போவார்கள், தோற்கும் இடம் இன்னும் வற்றிப்போகும். இதைச் சமன்செய்ய வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. கோச் ஒருவர்தான் தேர்வுக்குழு, விற்பனையாளர், ஆசிரியர், பல நேரம் அப்பா ஸ்தானமும்கூட. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோர் பட்டியலில் முதல் பெயர் ஆளுநருடையது இல்லை, ஃபுட்பால் கோச்சுடையது.

ஆள்சேர்ப்பு என்றால் நேரில் என்னதான் செய்வார்கள்?

வீட்டுக்குப் போவார்கள். ஹாலில் சோபாவில் உட்கார்ந்து, பாட்டி வைத்ததைச் சாப்பிட்டு, பையனின் மார்க் ஷீட்டைப் பற்றிப் பேசுவார்கள். முடிவெடுப்பது பையனா, அம்மாவா, பள்ளிக் கோச்சா என்று முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்காதவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டத்துக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் கோச்சுகளும் உண்டு. வசந்த காலத்தில் தலைமைக் கோச்சுகள் பள்ளிகளுக்கு நேரில் போகக் கூடாது என்று 2008ல் ஒரு விதி வந்தது. அலபாமாவின் நிக் சேபன் அந்த மாதங்களில் ஊர் ஊராகச் சுற்றியதைப் பார்த்து மற்றவர்கள் மிரண்டதால், அதற்கு 'சேபன் விதி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆளை மயக்குவதும் ஆளை எடைபோடுவதும் வேறு வேறு திறமைகள். மதிப்பீட்டு வலைத்தளங்களில் நான்கு, ஐந்து நட்சத்திரம் பெற்ற பையன் யார் என்று ஊருக்கே தெரியும். பதினேழு வயதில் ஒல்லியாக நிற்பவன் இருபதில் என்ன ஆவான் என்று சொல்கிறவர்தான் அபூர்வம்.

சரி, ஆட்டமுறை என்பது என்ன? எல்லாரும் ஒரே பந்தைத்தானே எறிகிறார்கள்?

ஒரே ஒரு ஆட்டத்தை (முழு மேட்ச் அல்ல, ஒரு தடவை பந்தை நகர்த்தப் போடும் திட்டம்) மட்டும் பார்க்கலாம். ஹால் மம்மி, மைக் லீச் என்ற இருவர் 1989ல் அயோவா வெஸ்லியன் என்ற சிறு கல்லூரியில் சேர்ந்து வளர்த்தெடுத்த முறைக்கு ஏர் ரெய்டு என்று பெயர். அதில் 'மெஷ்' என்றொரு ஆட்டம். பந்தைப் பிடிக்கும் இருவர் இடது ஓரத்திலிருந்து ஒருவரும் வலது ஓரத்திலிருந்து ஒருவருமாக நடுவை நோக்கிக் குறுக்கே ஓடுவார்கள். கடக்கும்போது கை நீட்டினால் தட்டிக்கொள்ளலாம், அவ்வளவு நெருக்கம். அவர்களைத் துரத்தி வரும் இரண்டு தடுப்பாளர்களும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க, யாராவது ஒருவர் அரை அடி வளைந்தாக வேண்டும். அந்த அரை அடியில் பந்து வந்து விழும். தடுப்பாளர்கள் துரத்தாமல் இடம் பார்த்து நின்றுவிட்டால், ஓடுபவர் காலி இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் போதும்.

லீச்சின் அணியில் முன்வரிசை ஆட்கள் ஒருவருக்கொருவர் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு நிற்பார்கள். பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக்கை வீழ்த்த வருபவன் அந்த அளவு சுற்றி ஓட வேண்டியிருக்கும். ஆட்டங்களின் எண்ணிக்கையோ சொற்பம். இருப்பதையே தினமும் நூறு தடவை போடுவார்கள். எதிராளியைவிட மெதுவான, சின்ன உடம்புக்காரப் பையன்களை வைத்துக்கொண்டு ஜெயிப்பதற்கென்றே யோசித்த முறை அது. பெரும்பாலான நல்ல ஆட்டமுறைகள் இப்படி ஏழை வீட்டில் பிறந்தவைதான்.

நட்சத்திர மதிப்பெண்களை நம்பலாமா? வலைத்தளக்காரர்கள் போடுவதுதானே?

ஒரு பையனுக்கு நம்ப வேண்டாம். எண்பது பையன்களுக்கு நம்புங்கள். ஜார்ஜியாவுக்கு 2021, 2022 இரண்டு வருடமும் கோப்பை வாங்கிக் கொடுத்த குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னெட், உதவித்தொகைகூட இல்லாமல் தானாக வந்து சேர்ந்தவர். ஆனால் அவருக்கு முன்னால் நின்ற முன்வரிசையும் எதிரணியை நொறுக்கிய தடுப்பு வரிசையும் நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்தவை. 2022 பருவத்தின் இறுதியாட்டத்தில் அவர்கள் எதிரே நின்றது டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்). அதன் கோச் சன்னி டைக்ஸ், லீச்சிடம் டெக்சஸ் டெக்கில் வேலை பார்த்தவர். அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று வென்று வந்த, அழகாக ஆடிய அணி. இறுதியில் 65-7 என்று நசுங்கியது. அன்று டிசியுவின் ஆட்டமுறை ஒன்றும் மோசமில்லை. அதை ஆடிக்காட்ட இடமே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்கு வருடச் சேர்க்கையில் பாதிக்கு மேல் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரப் பையன்கள் இல்லாத அணி தேசியக் கோப்பையை வெல்லாது என்று ஒரு கணக்கு உண்டு. பல வருடங்கள் அது பொய்க்கவே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்படியானால் சிறந்த ஆள்சேர்ப்பாளரையே எடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

டெக்சஸ் ஏ அண்ட் எம் அப்படித்தான் நினைத்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டில் 2013ல் கோப்பை வென்ற ஜிம்போ ஃபிஷரைப் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர் என்று பேசி அழைத்து வந்தார்கள். 2022ல் அவர் சேர்த்த முதலாண்டு மாணவர் வரிசை, மதிப்பீட்டு வரலாற்றிலேயே மிக உயர்ந்த புள்ளி பெற்றது. அதே வருடம் அணி 5-7, அதாவது 5 வெற்றி, 7 தோல்வி. அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்றார்கள். ஃபிஷரின் தாக்குதல் முறை கனமானது, குவார்ட்டர்பேக் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியது, களத்தில் மெதுவாக நகர்வது. அடுத்து எந்த ஆட்டத்தைப் போடுவது என்று சொல்லும் பொறுப்பையும் நீண்ட காலம் தானே வைத்திருந்தார். 2023 நவம்பரில் அனுப்பினார்கள். இடையில் நீட்டித்திருந்த ஒப்பந்தத்தின் மிச்சத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். வேலை செய்வதற்கு முதலில் பேசிய தொகையைவிட, செய்யாமல் இருப்பதற்குக் கொடுத்தது அதிகம்!

எனக்குத் தெரிந்து இதில் பாடம் 'ஆள்சேர்ப்பு வீண்' என்பதல்ல. அவரிடம் ஆள் இருந்தது. அந்த ஆட்களுக்கு எளிதான வேலை கொடுக்கும் முறை இல்லை, அதை இன்னொருவர் கையில் விடும் மனமும் சீக்கிரம் வரவில்லை.

2019 எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணி எந்தக் கட்சிக்குச் சாட்சி?

இரண்டு கட்சியும் அந்த அணியைத் தன் சாட்சி என்று கூப்பிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

எட் ஓர்ஜரான் பிறவி ஆள்சேர்ப்பாளர். லூசியானாக்காரர், கரகரத்த குரல், எந்த வீட்டு ஹாலிலும் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்துவிடுவார். முதலில் 2005 முதல் 2007 வரை ஓலே மிஸ்ஸில் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) தலைமைக் கோச்சாக இருந்தபோது 10 வெற்றி, 25 தோல்வி. பெயர் கெட்டது. பிறகு எல்எஸ்யுவில் 2016ல் தற்காலிகமாக அமர்ந்து, நிரந்தரமானார். 2018ல் ஒஹையோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் வந்த ஜோ பரோதான் குவார்ட்டர்பேக். அந்த வருடம் அவர் எறிந்த டச்டவுன் (கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) 16. சுமாரான கணக்கு.

2019 தொடக்கத்தில் ஓர்ஜரான் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து முப்பது வயது நிரம்பாத ஜோ பிரேடியை அழைத்து வந்து, பந்தெறியும் பகுதியை ஒப்படைத்தார். தாக்குதலுக்குப் பொறுப்பான உதவிக் கோச், அதாவது கோஆர்டினேட்டர், ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் ஈகோ பார்க்காமல் வழிவிட்டார். ஐந்து பேரைக் களம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, யாரிடம் எறிவது என்பதைப் பரோவின் கண்ணுக்கே விட்டுவிட்டார்கள். அதே பரோ, அதே மைதானம். 60 டச்டவுன், 5,671 யார்டு, அணி 15-0, தேசியக் கோப்பை.

முறைதான் ஜெயித்தது என்பீர்கள். ஆனால் அந்தப் பந்துகளைப் பிடித்தவர்கள் பின்னால் என்எஃப்எல் நட்சத்திரங்களான ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். 2020 டிராஃப்டில் அந்த அணியிலிருந்து 14 பேரை என்எஃப்எல் எடுத்துக்கொண்டது. ஆட்கள்தான் ஜெயித்தார்கள் என்றும் சொல்லலாம். பிரேடி கரோலினா பாந்தர்ஸுக்குப் போனார். அடுத்த வருடம் எல்எஸ்யு 5-5. அதற்கடுத்த வருடமே ஓர்ஜரானோடு கணக்கு முடித்தார்கள்.

நான் இதை இப்படிப் படிக்கிறேன்: முறையை ஒரு ஜனவரியில் விலைக்கு வாங்க முடிந்தது. ஆனால் வாடகைக்குத்தான் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் போனபோது சாமானும் போய்விட்டது.

நல்ல முறை இருந்தால் சின்ன அணி எவ்வளவு தூரம் போகும்?

வெகு தூரம் போகும், ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். லீச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸின் வறண்ட மேற்கில் லப்பக் என்ற ஊரில் டெக்சஸ் டெக் அணியோடு பத்துப் பருவம், 84 வெற்றி, 43 தோல்வி. 2008 நவம்பர் 1 அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த டெக்சஸ் அணி அங்கே வந்தது. டெக்சஸ் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. கடிகாரத்தில் சில நொடிகள். வலது ஓரத்தில் மைக்கேல் கிராப்ட்ரீ பந்தைப் பிடித்து, தடுப்பாளரின் கையை உதறி, கோட்டை ஒட்டியே நுழைந்தார். ஒரு நொடி மிச்சம், 39-33. அன்றிரவு களத்தில் கூட்டம் இறங்கியதை இன்றும் வீடியோவில் பார்ப்பேன். அதே மாதம் ஓக்லஹோமாவிடம் 65-21.

புல்மன் ஊரில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட்டுக்குப் போய், 2018ல் அங்கேயும் 11 வெற்றி. ஆனால் பக்கத்து எதிரியான வாஷிங்டனோடு எட்டு முறை ஆடி ஒரே ஒரு வெற்றி. தன் முறையைத் தெரிந்துவைத்திருக்கிற, தன்னைவிட நல்ல உடம்புகள் உள்ள அணியிடம் லீச் திரும்பத் திரும்பத் தோற்றார். 2022 டிசம்பரில் அவர் இறந்தபோது, நாட்டில் பாதி அணிகள் அவருடைய ஆட்டங்களில் ஏதாவது ஒன்றைத்தான் ஆடிக்கொண்டிருந்தன. லப்பக்குக்கும் புல்மனுக்கும் அவர் தெய்வம். விஸ்கான்சினின் மாடிசனும் மிச்சிகனின் ஆன் ஆர்பரும் போன்ற பெரிய அணிகளின் ஊர்கள் அவரைப் பற்றி நினைத்திருக்க வேண்டியதில்லை.

புது முறை வரும்போது பழைய ஆட்கள் என்ன ஆவார்கள்?

இதுதான் நியமனக் குழுக்கள் அதிகம் மறக்கும் விஷயம். மிச்சிகன் 2007 கடைசியில் ரிச் ரோட்ரிகெஸை வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து அழைத்து வந்தது. அவருக்கு ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் வேண்டும். மிச்சிகனில் இருந்த ரயன் மாலெட் ஆறரை அடி உயரம், நின்ற இடத்திலிருந்து பீரங்கி மாதிரி எறிபவர். அவர் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். 2008ல் மிச்சிகன் 3-9. தொடர்ந்து 33 வருடமாகப் போய்வந்த பௌல் ஆட்டமும் (நன்றாக ஆடிய அணிகளுக்குப் பருவ முடிவில் கிடைக்கும் சிறப்பு ஆட்டம்) போயிற்று. மூன்றாம் வருடத்தில் தாக்குதல் மின்னியது. டெனார்ட் ராபின்சன் குவார்ட்டர்பேக்காக நின்று 1,700 யார்டு ஓடினார். தடுப்பு மட்டும் சல்லடை. மொத்தம் 15-22, வேலை போனது. அதே பையன்களை வைத்து அடுத்த வருடம் பிரேடி ஹோக் 11-2 எடுத்ததுதான் கொடுமை.

ஜார்ஜியா டெக்கில் இது தலைகீழ். பால் ஜான்சன் பதினோரு வருடம் ட்ரிபிள் ஆப்ஷன் ஆடினார். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவன் எந்தப் பக்கம் பாய்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் பந்தைக் கொடுக்கும் பழைய முறை. அதற்கு வேகமான, குட்டையான முன்வரிசை போதும். 2018க்குப் பிறகு வந்த ஜெஃப் காலின்ஸ் நவீன முறைக்கு மாற்றப் பார்த்தார். நின்று பந்தெறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் கனத்த உடம்புகள் அங்கே இல்லை. மூன்று வருடமும் மூன்று மூன்று வெற்றி, நான்காவது வருடம் நான்கு ஆட்டத்தோடு முடிந்தது. அவர்மேல் குறை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டைப் பூஜை அறையோடு வாங்கிவிட்டு, அங்கே நீச்சல் குளம் இல்லையே என்று முதல் மழைக்காலத்தில் கேட்கக் கூடாது.

ஆட்டமுறையே ஆட்களை இழுக்காதா?

இழுக்கும், முக்கியமாகக் குவார்ட்டர்பேக்குகளையும் பந்து பிடிப்பவர்களையும். பாப் ஸ்டூப்ஸ் கதை இதற்கு நல்லது. அவர் தடுப்பு ஆள். ஃபுளோரிடாவில் கோஆர்டினேட்டராக இருந்தபோது கென்டக்கியில் மம்மியும் லீச்சும் ஆடிய முறை தன் தடுப்பைப் படுத்தியதை மறக்கவில்லை. 1999ல் ஓக்லஹோமா தலைமைக் கோச் வேலை கிடைத்ததும் லீச்சையே அழைத்துவந்து தாக்குதலைக் கொடுத்தார். லீச் யூட்டாவில் ஸ்னோ காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து ஜாஷ் ஹைப்பெல் என்ற இடதுகை எறிபவரைப் பிடித்துவந்தார். வலுவான கை இல்லை. ஆனால் இந்த முறைக்குத் தேவை கண்ணும் வேகமான முடிவும்தான். அதற்கு முந்திய வருடம் 5-6 என்றிருந்த ஓக்லஹோமா, ஸ்டூப்ஸின் இரண்டாம் வருடத்தில் 13-0 என்று கோப்பை வென்றது. லீச் அதற்குள் லப்பக் போய்விட்டார். இறுதியாட்டத்தில் ஸ்கோர் 13-2. தாக்குதலுக்காக இத்தனை பாடுபட்டு, கடைசியில் தடுப்பு ஜெயித்துக் கொடுத்தது!

மறுபக்கம், முறையால் இழுக்க முடியாத ஆட்களும் உண்டு. லிங்கன் ரைலியின் குவார்ட்டர்பேக்குகள் மூவர், காலேஜ் ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார்கள்: மேஃபீல்டு, மர்ரி, கேலப் வில்லியம்ஸ். எறியும் பையன்கள் அவரைத் தேடி வருவார்கள். ஆனால் எதிரணி முன்வரிசையைப் பிளக்கும் முந்நூறு பவுண்டுப் பையனுக்கு நம் தாக்குதல் அழகைப் பற்றி என்ன கவலை? அவருடைய யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா) 2022 பருவத்தின் காட்டன் பௌலில் கடைசி நாலரை நிமிடம் இருக்கும்போது டூலேனைவிட 15 புள்ளி முன்னால் நின்றது. 46-45 என்று தோற்றது.

தடுப்பு கோச்சை எடுப்பது பிற்போக்கா?

இல்லை. சேபனே தடுப்பு ஆள்தான். அவர் எடுத்த ஏழு கோப்பைகளில் முந்தியவை ஓட்டமும் இறுக்கமான தடுப்பும். 2011 பருவத்து இறுதியில் எல்எஸ்யுவை 21-0 என்று நெரித்தார். வேகமாக ஆடும் அணிகளைப் பற்றி 2012ல் வெளிப்படையாகவே குறைப்பட்டார். அந்த வருடம் டெக்சஸ் ஏ அண்ட் எம் குவார்ட்டர்பேக் ஜானி மேன்சியலிடம் தோற்றார், 2013ல் ஆபர்னிடம், பிறகு ஷுகர் பௌலில் ஓக்லஹோமாவிடம் 45-31. 2014ல், எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த லேன் கிஃப்பினைத் தாக்குதலுக்கு அழைத்துவந்தார். குணத்தில் இருவரும் எண்ணெயும் தண்ணீரும். 2020ல் ஸ்டீவ் சார்க்கிசியன் கையில் அதே அலபாமா ஆட்டத்துக்கு சராசரியாக 48 புள்ளிக்கு மேல் போட்டது.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தனக்குப் பிடிக்காத ஆட்டத்தை வீட்டுக்குள் விட்டார். இந்தக் குணம் விண்ணப்பத்தில் தெரியாது.

மாணவர்கள் இப்போது இஷ்டப்படி மாறலாம், சம்பளமும் வாங்கலாம் என்கிறார்களே. பழைய சண்டை செல்லுமா?

பாதி செல்லாது. 2018ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல், வந்தது. 2021ல் ஒரு வருடம் வெளியே உட்காராமல் மாறலாம் என்றார்கள். அதே ஜூலையில் விளம்பரப் பணம் அனுமதியானது. 2025 முதல் பல்கலைக்கழகமே வருடத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பங்கிடலாம். சோபாவில் உட்கார்ந்து பாட்டியிடம் பேசுவதன் மதிப்பு குறைந்து, இருபத்திரண்டு வயதுக்காரனின் பழைய ஆட்டங்களைப் பார்த்து எடைபோடுவதன் மதிப்பு கூடிவிட்டது.

இந்தியானாவைப் பாருங்கள். 2023ல் 3-9. வரலாற்றின் மொத்தத் தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அணி. ஃபுட்பாலில் சின்ன இடமான ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். தாக்குதல், தடுப்பு என்று இரண்டு கோஆர்டினேட்டர்களையும், ஒரு டஜனுக்கு மேல் வீரர்களையும் அங்கிருந்து கூடவே கூட்டிவந்தார். 2024ல் 11-2. 2025ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா குவார்ட்டர்பேக், அவருக்கு ஹைஸ்மன், அணிக்கு 16-0, தேசியக் கோப்பை. நான் மேலே சொன்ன 'பாதிக்கு மேல் நட்சத்திரம்' கணக்கு அங்கே உடைந்தது. சிக்னெட்டி ஆட்டமுறைக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அலபாமாவில் சேபனின் முதல் வருடங்களில் ஆள்சேர்ப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் அவர். எடைபோடுவதுதான் அங்கே அவர் வேலை.

சேபனுக்குப் பிறகு அலபாமா கேலன் டிபோரை எடுத்தது சரியா?

2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்ற இரண்டே நாளில் எடுத்தார்கள். வாஷிங்டனை 14-1 என்று இறுதிவரை கொண்டுவந்த மூளைக்காரர். ஆனால் தென்மாநிலப் பள்ளிகளில் அவருக்குப் பழக்கம் இல்லை. அந்த இறுதியிலும் மிச்சிகனின் முன்வரிசை வாஷிங்டனைத் தள்ளிக்கொண்டே போனது, 34-13.

அலபாமாவுக்கு ஆள் குறையப் போவதில்லை, முறையுள்ளவர் வந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதே வருடம் அக்டோபரில் முதலிடத்தில் இருந்தபோது வாண்டர்பில்ட்டிடம் 40-35. நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து வந்த டியேகோ பவியாவும், அவரோடு அங்கிருந்தே வந்த கோஆர்டினேட்டரும் சேர்ந்து, 60 நிமிடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2026 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌலில் இந்தியானாவிடம் 38-3. நட்சத்திரக் கணக்கில் அலபாமா எங்கேயோ இருந்தது. தோற்றது எறியும் இடத்தில் அல்ல, முட்டும் இடத்தில். என் தனிப்பட்ட எண்ணம்: நியமனம் தவறில்லை, ஆனால் ஆள் தானாக வரும் என்ற நினைப்பு தவறு.

நீங்கள் நியமனக் குழுவில் இருந்தால் என்ன கேட்பீர்கள்?

அவருடைய தத்துவத்தைக் கேட்க மாட்டேன். எல்லாரும் 'கடினமாக ஆடுவோம்' என்பார்கள். உங்கள் கோஆர்டினேட்டரை நாளை என்எஃப்எல் கொத்திக்கொண்டு போனால் அடுத்து யாரைக் கூப்பிடுவீர்கள், பெயர் சொல்லுங்கள் என்பேன். சட்டென்று இரண்டு பெயர் வராவிட்டால் எல்எஸ்யு 2020 ஞாபகம் வந்துவிடும். இங்கே இருக்கும் குவார்ட்டர்பேக் உங்கள் முறைக்குப் பொருந்தாதவன், ஆனால் நல்லவன். முதல் வருடம் என்ன ஆடுவீர்கள்? இதற்கு 'அவன் கற்றுக்கொள்வான்' என்று பதில் வந்தால் மிச்சிகன் ஞாபகம் வரும். கடைசியாக, யாருக்கும் தெரியாத பையன் ஒருவனை எடுத்து ஆளாக்கிய கதையைக் கேட்பேன். கதையில் அவன் பள்ளி, உயரம், அம்மா பெயர் எல்லாம் வருகிறதா என்று பார்ப்பேன்.

காசுள்ள பெரிய இடம் என்றால் ஆள் சேர்க்கத் தெரிந்த, பிறர் முறைக்கு வழிவிடும் மனிதர். சின்ன இடம் என்றால் முறையுள்ளவர், அதுவும் வருடாவருடம் அதை மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். போட்டியாளர்கள் செய்வதையே குறைந்த ஆட்களோடு செய்து சின்ன அணி ஜெயிக்க முடியாது.

எத்தனை வருடம் பொறுக்கலாம்?

முன்பு நான்கு என்பேன். போர்ட்டலுக்குப் பிறகு இரண்டு. மூன்றாம் வருடமும் 'என் ஆட்கள் இன்னும் வரவில்லை' என்கிறவர் கதை, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

என் காலேஜ் அடுத்த வாரம் ஆளை அறிவிக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

பத்திரிகையாளர் சந்திப்பைப் பார்க்காதீர்கள். அங்கே எல்லாக் கோச்சும் ஜெயிப்பார். பத்துப் பதினைந்து நாளில் உதவியாளர் பட்டியல் வரும். அதில் முன்வரிசை கோச் யார் என்று தேடுங்கள். புதுக் கோச்சோடு முன்பு வேலை பார்த்தவரா, அவர் வளர்த்த பையன்கள் எத்தனை பேர் என்எஃப்எல்லில் இருக்கிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஜனவரியில் போர்ட்டல் திறக்கும்போது உங்கள் குவார்ட்டர்பேக் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாம்.